ரத்தம் ஊறும் நேரம்

குத்தினால் தெரியாது என்று சிஸ்டர் சொன்னாள். தெரிந்தது. தணிகாசலத்துக்கு ஊசியைவிட அவள் விரலைப் பிடித்த பிடிதான் அதிகம் தெரிந்தது. நடுவிரலை மட்டும் தனியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை அழுத்திக்கொண்டே வந்தாள். ஸ்டேஷனில் ரேகை எடுக்கிற ஏட்டு இப்படித்தான் பிடிப்பார், விரல் உன்னுடையது இல்லை, ஸ்டேஷனுடையது என்பதுபோல. மையில் ஒரு உருட்டு, காகிதத்தில் ஒரு உருட்டு, பிறகு துடைத்துக்கொள்ள ஒரு அழுக்குத் துணியை மூஞ்சியில் எறிவார். இங்கே பஞ்சு கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். விரல் நுனியில் முத்துப்போல நின்ற சொட்டை சிஸ்டர் ஒரு வெள்ளை அட்டையின் குழியில் தொட்டு எடுத்தாள். சீட்டுக்கட்டின் சீட்டளவு, கொஞ்சம் தடிமன். எவர்சில்வர் தட்டில் ஏற்கெனவே இன்னொரு அட்டை இருந்தது. அது அவன் பெண்டாட்டி மேகலாவுடையது. தட்டின் விளிம்பில் இரண்டு துண்டு பிளாஸ்திரி ஒட்டி நீலப் பேனாவால் எழுதியிருந்தாள். இடது பக்கம் மேகலா, வலது பக்கம் தணிகாசலம். "அட்டை மேலயே எழுதலாம்னா பேனா நிக்க மாட்டேங்குது, வழவழன்னு கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் அட்டையை அவன் பெயருக்கு நேராக வைத்தாள். "கொஞ்சம் ஊறட்டும்பா. ஊறினப்புறம் மிஷின்ல சொருவினா அதுவே படிச்சுச் சொல்லிடும். ஒரே சொட்டு, ஆறு வியாதி. முன்ன மாதிரி இதுக்கொரு டியூப் அதுக்கொரு டியூப்னு எடுத்து அனுப்பிட்டு மாசக்கணக்குல பாத்துனு கெடக்க வேணாம்." அவன், "ஆறா சிஸ்டர்?" என்றான். "ஆறு. எச்ஐவி, மேகநோய், மலேரியா, டெங்கு, காமாலைல ரெண்டு வகை." அவள் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். மேசை மீது மிஷின் இருந்தது. டிபன் பாக்ஸ் அளவு. முன்பக்கம் இரண்டு பிளவு, மேலே ஒரு பச்சை விளக்கு. சோறு கட்டிக் கொடுத்தால் ஒரு ஆள் வயிறு நிறையாது. அதற்குள் ஆறு வியாதியா?

ஆறையும் ஒன்றாகவா என்று நினைத்தபோது அவனுக்கு இன்ஸ்பெக்டரின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. மார்க்கெட்டில் ஒருவன் கன்னத்தைக் கிழித்த வழக்கில்தான் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது உண்மை. கன்னத்தைக் கிழித்தது அவன்தான். லோடு இறக்குகிற முறை யாருடையது என்று பேச்சு, பேச்சிலிருந்து தாயைப் பற்றி ஒரு சொல், சொல் முடிவதற்குள் கை போய்விட்டது. கையில் இருந்த மூட்டைக் கொக்கி, காதிலிருந்து வாய்வரை. துணிக்கடையில் மல்துணியைக் கிழிக்கிற சத்தம்போல ஒரு சத்தம் வந்ததும், அந்த ஆள் வலிக்காமல், ஆச்சரியமாக, தன் பல்லைத் தானே வெளிப்பக்கமிருந்து தொட்டுப் பார்த்ததும் அவனுக்குத் தெரியும். ஆனால் ஸ்டேஷனில் அதோடு நிற்கவில்லை. சைக்கிள் திருட்டு, சங்கிலி அறுப்பு, யாரோ கோயில் உண்டியலை உடைத்தது என்று முடியாமல் கிடந்த வழக்கெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். "ஒருத்தன் மாட்டினா மொத்தமா கக்கிடணும்டா, தவணை கட்ற வேலையெல்லாம் இங்க கெடையாது" என்றார் இன்ஸ்பெக்டர். உள்ளங்கை காதின் மேல் மூடி விழுந்தது. காதுக்குள் கொசு மாதிரி ஒரு சத்தம் எழுந்து, அது வாரக்கணக்கில் போகவில்லை. இப்போதும் மிஷின் அருகில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்கிறதா, அல்லது மிஷின்தான் முனகுகிறதா? ஒரு சொட்டில் மொத்தமாகக் கக்கவைக்கிற பெட்டி. அடிக்காமலே. அடித்தால் பொய் சொல்லலாம், இல்லையென்று சொல்லலாம், மயக்கம் வந்ததுபோலச் சாயலாம். ரத்தத்துக்கு நடிக்கத் தெரியாது.

காமாலை என்றாள். மற்ற நாலும் அவன் காதில் விழுந்து போய்விட்டன, அது மட்டும் நின்றது. ஜெயிலில் கூட இருந்த சூசைக்குக் கண் மஞ்சளானது மழைக்காலத்தில். கண்ணும் நகமும் மஞ்சள், கை கால் குச்சி, வயிறு மட்டும் குடம். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். "இன்னாடா பாக்கற? எனக்கு மாசம் ரொம்பி கீது. பொண்ணு பொறந்தா உனக்குத் தரேன்" என்று சிரித்தான். சிரித்த வாயில் ஈறு ஓரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதே வாய். அந்த வாய்க்குள்ளிருந்துதான் பிளேடு வரும். சவரப் பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து ஒரு பாதியை நாக்குக்கு அடியில் படுக்கவைத்துக்கொண்டு அவன் சாப்பிடுவான், பேசுவான், ஜெயிலில் சோதனை போடும்போது வாயைத் திறந்து காட்டக்கூடச் செய்வான். பிறகு தணிகாசலமும் அப்படி வைத்துப் பழகினான். கஸ்டடியில் எடுக்கப்போகிறார்கள் என்றால் அந்தச் செய்தி முன்னதாகவே பிளாக்குக்குள் வந்துவிடும். அன்றைக்குப் பையன்கள் கையைக் கிழித்துக்கொள்வார்கள். ரத்தம் ஓடினால் ஜெயில் ஆஸ்பத்திரியில் தையல் போட வேண்டும், தையல் ஆறும்வரை போலீஸ் தொட்டுக்கூட்டிப் போக முடியாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு நாள் கழிவறைச் சுவர் ஓரம் சூசை பிளேடைத் துப்பி எடுத்து, தன் முன்கையில் வரிசையாக இழுத்தான். கோடு முதலில் வெள்ளையாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கோடு முழுக்க ஒன்றாகச் சிவந்து, வழிந்து, முழங்கையில் சொட்டியது. "தக்காளி அறுக்கற மாதிரிதான், புடி" என்று பிளேடை நீட்டினான். எச்சிலும் ரத்தமுமாக வழுக்கியது. தணிகாசலம் துடைக்கவில்லை. துடைக்க நேரம் இல்லை, வெளியே பூட்ஸ் சத்தம். துடைத்திருந்தால்? சட்டையில் ஒருமுறை இப்படி இழுத்திருந்தால் போதுமா? சூசையின் ரத்தத்தோடேயே தன் கையில் இழுத்தான். அவன் கையிலும் கோடு முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது.

அந்தக் கோடுகளை மேகலா கல்யாணமான புதிதில் விரலால் தடவிப் பார்த்தாள். "இன்னா மாமா இது, ஏணி மாதிரி?" கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன், பெரிய கண்ணாடி ஒன்று சரிந்து விழுந்தது என்று சொன்னான். சரிந்து விழுந்த கண்ணாடி இத்தனை நேராகவா கிழிக்கும் என்று அவள் கேட்கவில்லை. அரக்கோணத்துப் பெண், கேட்கிற வாய்தான், ஆனால் கேட்கவில்லை. ஒரு ஏணிப்படியின் மேல் உதட்டை வைத்தாள். அவனுக்கு அப்போது அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோத வேண்டும்போல வந்தது. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மோதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் கை யார் மேலும் எழுந்ததில்லை. தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான், நாலாவது மாடிக்குத் தோளில் இரண்டு கேன் தூக்கிக்கொண்டு ஏறுகிறான், மேல்வீட்டம்மா லேட்டு என்று நாயைப் பேசுவதுபோலப் பேசினாலும் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிவிடுகிறான். கை தூங்குகிறது. கேன் சுமந்து சுமந்து தூங்கப் பழகிவிட்டது. அவளே ஒருமுறை சொன்னாள்: "நீ அடிச்சாக்கூட வாங்கிப்பேன் மாமா. ஆனா பொய் சொன்னேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். எங்கப்பன் சொன்ன பொய்யிலதான் எங்கம்மா செத்துது." மஞ்சக்காமாலைக்கு யாரோ வைத்தியர் கீழாநெல்லி கொடுத்தார், சரியாகிவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம், எந்த வைத்தியரிடமும் அவர் போகவே இல்லையாம். கொல்லையில் கிடைத்த இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்திருக்கிறார். சாகும்போது அம்மாவுக்கு வயிறு வீங்கியிருந்தது என்றாள். அவள் சொல்லும்போது அவன் கேட்டுக்கொண்டா இருந்தான்? வீங்கிய வயிறு என்றதும் சூசை வந்துவிட்டான். சூசை வந்துவிட்டால் வேறு எதுவும் காதில் ஏறாது.

தட்டில் இரண்டு அட்டையும் ஊறிக்கொண்டிருந்தன. சிவப்பு, குழியிலிருந்து மேல்நோக்கி ஏறியது. தரையில் கொட்டியது ஓடுவதுபோல அல்ல, சுவரில் ஈரம் ஏறுவதுபோல. எது எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தான். இரண்டிலும் ஒரே சிவப்பு. பக்கத்து அறையில் திரைக்குப் பின்னால் மேகலாவைப் படுக்கவைத்துக் குழந்தையின் துடிப்பைப் பார்க்கிறார்கள். அவள் வருவதற்குள் இந்தப் பெட்டியை என்ன செய்யலாம்? முழங்கை பட்டதுபோலத் தள்ளினால் கீழே விழும். சிமெண்டுத் தரை. விழுந்தாலும் உடையாவிட்டால்? காலால் ஒரு மிதி. வயரைப் பிடித்து இழுத்தால் மேசையிலிருந்து சுவர்வரை சுழற்றி அடிக்கலாம். ஓரத்து இரும்புக் கட்டிலின் முனையில் அடித்தால் தேங்காய்போல இரண்டாகும். மனத்தில் அதை உடைத்தான். உடைத்து, உள்ளே கையைவிட்டு, கம்பியையும் பச்சை விளக்கையும் பிடுங்கி வெளியே போட்டான். மீன் சுத்தம் செய்பவள் செவுளைப் பிடுங்குவதுபோல. பிடுங்கப் பிடுங்கச் சூடு ஏறியது, வாய் வறண்டது, நாக்குக்கு அடியில் அந்த இடம், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், ஏதோ மெல்லிசாகக் கிடப்பதுபோலக் கூசியது. பிறகு நினைத்தான், உடைத்தால் இன்னொரு பெட்டி கொண்டுவருவார்கள். இல்லையென்றால் இன்னொரு சொட்டு எடுப்பார்கள். விரல் இருக்கிறது, விரலுக்குள் சூசை இருக்கிறான்.

வெளியே வராந்தாவில் ஒருவன் கத்தினான். "எனக்கு எதுக்குயா ஊசி? புள்ள பெக்கறது அவளா நானா?" ஆயாவின் குரல்: "கூட்டாளி இல்லாத தனியாவா பெத்துக்குது உம் பொண்டாட்டி? உக்காருயா சொம்மா." சிரிப்பு. கத்தினவனுக்குச் சிரிப்புப் பிடிக்கவில்லை. "யார் வூட்டுப் பொம்பளைய இன்னான்ற நீ?" நாற்காலி இழுபட்டது, கண்ணாடியோ பாட்டிலோ உடைந்தது, ஒரு பெண் "ஐயோ வயித்துல பட்டுடப் போவுது, வுடுய்யா" என்று அலறினாள். சதையில் அறை விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவன் எங்கேயும் அடையாளம் சொல்லுவான். உள்ளங்கை, கன்னம், நடுவில் பல். தணிகாசலத்தின் உடம்பு அவனைக் கேட்காமல் எழுந்து நின்றது. பாதம் அகன்று, தோள் இறங்கி, வலது மணிக்கட்டு தளர்ந்து தயாராகிவிட்டது. தூங்கவில்லை, ஒன்றும் தூங்கவில்லை. சிஸ்டர், "இந்தாப்பா, நீ இங்கயே இரு, எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கதவு ஆடி நின்றது. அறையில் அவனும் பெட்டியும் தட்டும் மட்டும்.

செய்ய வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. அப்படித்தான் பிறகு தோன்றியது. மார்க்கெட்டிலும் அப்படித்தான், அந்த ஆளின் கன்னத்தைக் கிழிக்க வேண்டும் என்று யார் நினைத்தது? சொல் முடிவதற்குள் கை போய்விட்டது. இப்போதும் கை போனது. இடது அட்டையை எடுத்தது, வலது அட்டையை எடுத்தது, இடம் மாற்றி வைத்தது. அவன் ரத்தம் மேகலா என்ற பெயருக்கு நேராகவும் அவள் ரத்தம் தணிகாசலம் என்ற பெயருக்கு நேராகவும் கிடந்தன. சத்தமே இல்லை. ஓரம் தட்டோடு பொருந்துகிறதா என்று கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளிச் சரிசெய்ததும் கைதான். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான் கைக்கு வக்காலத்து வாங்க மனது ஓடிவந்தது. இனி அவள் பெயரில்தானே வரும்? அவளுக்குத்தானே மருந்து கொடுப்பார்கள், கொடுக்கட்டுமே, மருந்து ஆளை ஒன்றும் செய்யாது. குழந்தையை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு எப்படி வந்தது என்று அவளைத்தான் கேட்பார்கள். அவளுக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாதவளிடம் எத்தனை நாள் கேட்க முடியும்? கண்ணாடிக் கடை கண்ணாடிக் கடையாகவே இருக்கும். உண்டியலை உடைத்தவன் யாரோ, கையெழுத்துப் போட்டவன் அவன். அன்று அது நடந்தது. யாரோ ஒருவர் போட்டுத்தானே ஆக வேண்டும்?

சிஸ்டர் மூச்சு வாங்க வந்தாள். முந்தானையில் யாருடைய ரத்தமோ ஒரு தீற்றல். "பொண்டாட்டிய தொட்டா அடிப்பானாம், பொண்டாட்டியையே போட்டு அடிக்கறான். இன்னா ஜென்மமோ" என்று திட்டிக்கொண்டே கைக்கு வேறு உறை மாட்டினாள். தட்டைப் பார்த்தாள். இடது அட்டையை எடுத்து முதல் பிளவில் செருகினாள், வலதை இரண்டாவதில். பக்கத்தில் இருந்த பலகை போன்ற போனில் விரலால் தட்டி, "மேகலா... தணிகாசலம்..." என்று பெயர் போட்டாள். பச்சை விளக்கு மஞ்சளாகி மினுக்கத் தொடங்கியது. இனி அது படிக்கும். முடிந்தது. அவன் உட்கார்ந்தான். முடிந்தது என்றால் எது முடிந்தது? முடிவு வந்த பிறகு அவன் என்ன செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. உன் பெண்டாட்டிக்குக் காமாலைக் கிருமி இருக்கிறது, அது இப்படியும் வரும் அப்படியும் வரும் என்று சிஸ்டர் சொல்லும்போது ஒரு புருஷன் சும்மா உட்கார்ந்திருப்பானா? சும்மா இருந்தால் சந்தேகம் வரும். எழுந்திருக்க வேண்டும். "எவன்டி?" என்று கேட்க வேண்டும். மனத்துக்குள் கேட்டுப் பார்த்தான். குரல் பத்தவில்லை. இன்னும் கொஞ்சம். "எவன்டி அவன்?" அதோடு ஒரு அறை. லேசாக, காது ஓரம், வலிக்காமல். வலிக்காமல் அறைவது எப்படி என்று கைக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் தலை திரும்பும், கம்மல் தெறிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் முனையில் சாய்வாள், கட்டில் முனை இரும்பு. அவள் "நான் ஒண்ணும் பண்ணலியே மாமா" என்பாள். அப்போது அவனுக்கு நிஜமாகவே கோபம் வரும். வந்துகொண்டிருந்தது. அவள் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிற கடையில் அந்த உயரமான ஆள் யார்? "அக்கா" என்று கூப்பிடுகிறானே, அக்கா என்று கூப்பிட்டால் ஆயிற்றா? நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. இல்லாத ஒருவனுக்காக, தானே எழுதிய வழக்குக்காக, அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? பொய்யென்று தெரிந்தே கையை ஓங்கி, ஓங்கிய பிறகு நிஜமாகவே ஆத்திரம் பிடித்து?

திரையை விலக்கிக்கொண்டு மேகலா வந்தாள். முகமெல்லாம் பல். "மாமா, கேட்டேன். அதும் நெஞ்சு அடிச்சுக்கறது கேட்டேன். அப்படியே கொத்து பரோட்டா போடற சத்தம். டக்குடக்கு டக்குடக்குன்னு. சிரிச்சுட்டேன், அந்தம்மா திட்டுது." அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, வழக்கம்போல அவன் முன்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏணிப்படிகளின் மேல் அவள் விரல்கள் மேலே ஏறின, கீழே இறங்கின, பரோட்டாக் கடைத் தாளத்தில். டக்குடக்கு டக்குடக்கு. சூடான கல், இரண்டு தகடு, நடுவில் துண்டு துண்டாக ஏதோ. "இன்னா, கை இப்படி வெறச்சு கீது? ஊசிக்கா பயந்துட்ட, இம்மாம்பெரிய ஆளு?" என்றாள். சிஸ்டரும் சிரித்தாள். "எந்த ஆம்பளயும் அப்படித்தாம்மா. வெளிய ஒருத்தன் கலாட்டா பண்ணதே அந்த பயத்துலதான்." மேகலா தயங்கிக் கேட்டாள்: "ஏன் சிஸ்டர், காமாலையெல்லாம் பாக்கறீங்களே, அது எப்படி வரும்?" சிஸ்டர், "ரத்தத்துல வரும்மா. ஊசி, பிளேடு, புருஷன் பொண்டாட்டி, எப்படி வேணா. நெறைய பேருக்கு அம்மா வயித்துலேர்ந்தே வந்துடும், ஆயுசுக்கும் உள்ளயே குந்தினு இருக்கும், ஒண்ணியும் தெரியாது" என்றாள். அவன் காதில் பிளேடு மட்டும் விழுந்தது.

பெட்டி கூவியது. விளக்கு நின்றது. சிஸ்டர் பலகையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தாள், உதடு அசைந்தது, படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். தணிகாசலம் எழுந்திருக்கத் தயாரானான். எவன்டி என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. சிஸ்டர் மேகலாவைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "யம்மா, உனக்கு ஒண்ணும் இல்ல. ஆறும் கிளீன்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "உனக்குத்தாம்பா. காமாலை, பி வகை, இருக்குதுன்னு காட்டுது. பயப்படாத, மருந்து கீது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், அங்க உனக்கு மறுக்கா பாப்பாங்க" என்றாள். அவனுக்கு ஒரு கணம் ஒன்றுமே ஓடவில்லை. கோடு வெள்ளையாக இருக்கிற அந்த ஒரு மூச்சு நேரம். தப்பித்தது அவன். இடது பக்கத்தில் கிடந்தது அவன் ரத்தம், அதில் ஒன்றுமே இல்லை, சூசை அதில் இல்லவே இல்லை, துடைக்காத பிளேடிலிருந்து எதுவும் ஏறவில்லை. வலது பக்கத்தில் கிடந்தது அவளுடையது. அரக்கோணத்தில் கீழாநெல்லி குடித்துச் செத்தவளின் வயிற்றிலிருந்து அவளோடு கூடவே வந்து, இத்தனை நாளும் ஒன்றும் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

மேகலா அழுதாள். ஆனால் கையை விடவில்லை. "பரவால்ல மாமா. மருந்துதான் கீதுன்றாங்களே. நான் பாத்துக்கறேன். ஒண்ணும் ஆவாது" என்று அவன் கையைப் பிசைந்தாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. பிளேடு என்று சிஸ்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும், விரல் கோடுகளின் மேல்தான் இருந்தது, கேட்கவில்லை. "சிஸ்டர், கொயந்தைக்கு?" என்றாள். "கொயந்தைக்கு இன்னா, உனக்கு இல்லியே. தாய்க்கு இருந்தாத்தான் கஷ்டம். எல்லாக் கொயந்தைக்கும் போடற தடுப்பூசி வேற. தாய்க்கு இருந்தா அதோட இன்னொரு ஊசி, பொறந்த கையோட போட்டாவணும். வுட்டுட்டா அதுக்கும் ஒட்டிக்கும், அப்புறம் ஆயுசுக்கும் போவாது. உனக்கு அந்தத் தொல்ல இல்ல, கும்புடற சாமிக்குத் தேங்கா ஒட" என்றாள் சிஸ்டர். மேகலா ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டாள். முகத்தில் அழுகையும் அதற்குள்ளேயே ஒரு நிம்மதியும். சிஸ்டர் இரண்டு அட்டைகளையும் உருவிச் சிவப்பு வாளியில் போட்டாள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இனி அவற்றைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பேசாமல் இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்கு மறுபடி பார்ப்பார்கள், ஒன்றும் இல்லை என்பார்கள், மிஷின் தப்பாகச் சொல்லிவிட்டது என்று எல்லாரும் சிரிப்பார்கள். அவளுக்கு யார் மறுபடி பார்ப்பார்கள்? ஆறும் கிளீன். பிரசவ அறையில் அவள் கத்துவாள், கொத்து பரோட்டா வெளியே வரும், ரத்தத்தோடு வழவழவென்று வரும், துடைப்பார்கள், எல்லாக் குழந்தைக்கும் போடுகிற ஊசியைப் போடுவார்கள். இன்னொரு ஊசி பெட்டிக்குள்ளேயே இருக்கும். துடைக்காத பிளேடு ஒன்றை அவன் அதன் கையில் கொடுத்திருப்பான். பெரிசான பிறகு ஒரு மழைக்காலத்தில் கண்ணாடியில் கண்ணை இழுத்துப் பார்த்து, ஏம்ப்பா மஞ்சளா கீது என்று கேட்கும். சாக்குச் சொல்லலாமா? தட்டு கைபட்டு நகர்ந்தது, கலைந்துவிட்டது என்று? நகர்ந்த தட்டு இத்தனை நேராகவா இடம் மாற்றும்? அவள் இந்தத் தடவை கேட்பாள். எதற்காக மாற்றினாய் என்று கேட்பாள். உன் பெயரில் வரட்டும் என்று மாற்றினேன், உன்னை அறைவதற்குக் கையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன், இதோ நீ மடியில் வைத்துப் பிசைகிறாயே இதே கை. சொன்னால் அரக்கோணம், அண்ணன் வீடு. வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை. அடியில் எதுவும் இல்லாமலே அது அங்கே கிடந்தது, மெல்லிசாக, இரண்டு பக்கமும் கூராக. அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறான், சிரித்திருக்கிறான், வாயை ஆவென்று காட்டி வார்டன்களை ஏமாற்றியிருக்கிறான். துப்பினால் கிழிக்கும்.

"சிஸ்டர்" என்றான். சிஸ்டர் எழுதிக்கொண்டே, "இன்னாப்பா?" என்றாள். "இன்னொரு வாட்டி பாக்கணும்." "அதான் பெரிய ஆஸ்பத்திரில பாப்பாங்கன்னு சொன்னேனே." "எனக்கில்ல. இவளுக்கு." சிஸ்டர் நிமிர்ந்தாள். மேகலாவின் விரல்கள் கோடுகளின் மேல் நின்றன. "நீங்க வெளிய போனப்ப அட்டைய நான்தான் மாத்தி வெச்சேன். என்துல இருக்கும்னு நெனச்சேன். இவ பேருல வரட்டும்னு மாத்தினேன். இது கண்ணாடி இல்ல மேகலா. பிளேடு. ஜெயில்ல நானே கீசிக்கினது."

வராந்தாவில் யாரோ உடைந்த கண்ணாடியைத் துடைப்பத்தால் கூட்டினார்கள். சிஸ்டர் மெதுவாகப் புதிய அட்டை ஒன்றைப் பிரித்தாள், இந்த முறை பிளாஸ்திரியை அட்டையின் முதுகிலேயே ஒட்டிப் பெயர் எழுதினாள், "விரல நீட்டும்மா" என்றாள். மேகலா இடது கையை நீட்டினாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஊசி குத்தியபோது முகம் சுளிக்கவில்லை. வலது கை மட்டும் அவன் முன்கையின் மேல், இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எடுப்பாள் என்று அவன் காத்திருந்தான். எடுக்கவில்லை. நகங்கள் மெல்ல உள்ளே இறங்கின. பழைய கோடுகளுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றாக, ஆழமாக. தோல் முதலில் வெளுத்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.